மலை ஏறாத வருஷம்

1946ஆம் ஆண்டு ஜூன் மாதம் பத்தாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிஷத்துக்குச் சித்தப்பா இரும்புப் பெட்டியின் சாவியைக் கேட்டார். நேரத்தில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் கேட்டபோது நான் முக்காலியின்மேல் நின்று சுவர்க் கடிகாரத்தை முடுக்கிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமைதோறும் பெரியப்பா செய்துவந்த வேலை அது. அவருடைய பதினாறாம் நாள் காரியம் முந்தின நாள்தான் முடிந்திருந்தது. வாசலில் பந்தற்கால்களைக்கூட இன்னும் பிடுங்கவில்லை.

"இன்னா அண்ணி, சாவிய இடுப்புலயே வெச்சிகினு இருந்தா எப்டி? பதினாறும் ஆயிடுச்சி. பெட்டியத் தொறந்து பாத்துட்டா எல்லாருக்கும் மனசு ஆறும்" என்றார் சித்தப்பா.

எவருடைய மனசு என்று அம்மா கேட்கவில்லை. சாவியை அவிழ்த்து, அவர் நீட்டிய கையில் வைக்காமல், தரையில் வைத்தார்.

எங்கள் வீட்டு நிலவரத்தை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. பெரியப்பாவுக்கு மனைவி இறந்து வெகுநாள் ஆகிவிட்டது, பிள்ளைகள் இல்லை. அவருக்கு அடுத்தவரான என் அப்பா எனக்கு ஒன்பது வயதில் இறந்தார். அன்றுமுதல் அம்மாவும் நானும் பெரியப்பாவின் வீட்டில் இருந்தோம். திருத்தணியில் மலையடிவாரத்துக்குப் போகும் தெருவில், அவர் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு அது. அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், உயிரோடிருக்கும் ஒரே தம்பியாகிய சித்தப்பாவுக்கு வீடு முழுவதும் போய்ச் சேரும். இறந்துபோன தம்பியின் மனைவிக்கும் மகளுக்கும் சட்டம் ஒரு செங்கல்லும் தராது. பதினோரு வருஷம் அந்த அடுப்பில் சமைத்தவர் என்பதையெல்லாம் சட்டம் கேட்பதில்லை.

ஆனால் பெரியப்பா எழுதியிருந்தார். "எழுதி வெச்சிட்டேம்மா. ஊடு உனக்கு. நீ கவலப்படாதே" என்று தை மாதத்தில் ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது அம்மாவிடம் சொன்னார். எங்கே வைத்திருக்கிறார் என்று அவர் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை, கேட்டால் ஆசைப்படுவதுபோல் இருக்கும் என்று நினைத்தாராம். எங்கள் குடும்பத்தில் மரியாதை இப்படித்தான் வேலை செய்தது. அதைக் கடைப்பிடித்தவர் நஷ்டப்பட்டார். கடைப்பிடிக்காதவர் சாவி கேட்டார்.

எழுதாமல் இறக்கக்கூடிய மனிதரும் அல்லர் அவர். முப்பது வருஷம் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில், புளியமரத்தடியில் சாய்வு மேஜை போட்டுத் தமிழிலும் தெலுங்கிலும் பத்திரம் எழுதியவர். இந்தத் தாலுகாவில் எந்தக் கிணறு எவருடையது, எந்த வரப்பு எங்கே திரும்புகிறது என்பதெல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தது. அண்ணன் தம்பிகளைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. வாடிக்கைக்காரர்களில் பெரும்பாலோர் அண்ணன் தம்பிகள்.

சித்தப்பா அரக்கோணத்தில் மண்டி வைத்திருந்தார். என்னைச் சென்னைக்குக் கல்லூரிப் படிப்புக்கு அனுப்பிய நாளிலிருந்து அண்ணன் வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை. பெண் தனியே ரயிலேறிப் படிக்கப் போவது பங்காளிகளுக்கு அவமானம் என்றார். மூன்று வருஷம் காத்த அந்த ரோஷம், மரணச் செய்தி போன அன்றைக்கு அடுத்த ரயிலிலேயே கரைந்துவிட்டது. பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் பிறந்த அத்தை, பொதட்டூர்பேட்டையிலிருந்து கரியில் ஓடும் பஸ்ஸில் வந்தார். பதினாறு நாள் தங்குவதற்கு இரண்டு புடைவைகளும் ஒரு பெரிய தகரப்பெட்டியும் கொண்டுவந்திருந்தார். பெட்டி காலியாக இருந்தது. அதை இறக்கிய வண்டிக்காரன் ஒரே விரலால் தூக்கிக் காட்டிச் சிரித்தான்.

இரும்புப் பெட்டியில் பழைய பத்திர நகல்களும், பெரியம்மாவின் ஒற்றைத் தோடும், இங்க் புட்டிகளும் இருந்தன. உயில் இல்லை.

"எங்கண்ணன் எழுதாம போவமாட்டாரு" என்றார் அத்தை. அவருக்கு உயில் வேண்டும். அதில் தம் பெயர் இருக்கும் என்று நம்பினார். சித்தப்பாவுக்கு உயில் வேண்டாம். ஆனால் அதைத் தேடுவதில் அவர்தாம் அதிக ஆர்வம் காட்டினார். பரணில் ஏறினார். சுவாமி படங்களின் பின்னட்டைகளைப் பெயர்த்தார். பெரியப்பாவின் தலையணையைப் பிளந்து பஞ்சைக் கூடமெல்லாம் பறக்கவிட்டார். நெற்குதிருக்குள் குனிந்தபோது அவர் மடியிலிருந்து ஒரு தீப்பெட்டி விழுந்தது.

பீடி, சுருட்டு எதையும் தொடாதவர் என்பதைச் சித்தப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார்.

"தீப்பெட்டி இன்னாத்துக்குடா உனக்கு?" என்றார் அத்தை.

"கற்பூரம் ஏத்தறதுக்கு."

"குதிருக்கா?"

சித்தப்பா தீப்பெட்டியை எடுத்து மறுபடியும் மடியில் செருகிக்கொண்டார். "ஏன்கா, உன் தகரப்பொட்டி மட்டும் இன்னாத்துக்கு வந்துதாம்? தாலாட்டறதுக்கா?"

அதற்குப் பிறகு அரைமணி நேரம் இருவரும், இறந்தவரின் ஐம்பது வருஷத்துக் குணங்களை எடுத்துப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு, ஒருவர் குணத்தை மற்றவர் எடுத்துப் பேசினார்கள். அம்மா கொல்லைப் பக்கம் போய்விட்டார். நான் கூடத்தில் பஞ்சைப் பொறுக்கினேன்.

உச்சிவேளையில் வாசலில் ஒரு குரல் கேட்டது. மலைமேல் சந்நிதிக்கு எதிரில் பூக்கடை வைத்திருக்கும் பெண் நின்றிருந்தாள். ஒவ்வொரு கிருத்திகைக்கும் பெரியப்பா அவளிடந்தான் அரளி மாலை வாங்குவார். தலையில் வாழையிலை மூடிய கூடை இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா வாசற்படிக்குப் போய்விட்டார்.

"சாவு ஊட்டுக்குப் பூ எடுத்துகினு வர்றியே, மூளைய மலை மேலயே வெச்சிட்டு வந்துட்டியா?"

"பூ விக்க வரலீங்க சாமி. பெரியம்மாவப் பாக்கணும்" என்றாள் அவள். அம்மாவைத்தான் அப்படிச் சொன்னாள்.

"அவங்க யாரையும் பாக்கமாட்டாங்க. வருஷம் திரும்பி வா."

"ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டுப் பூடறேன்."

"உன் வார்த்தைய மலை மேல சொல்லு."

"அப்ப மலைக்கு வாங்க, சொல்றேன்."

"நாங்க ஒரு வருஷம் மலை ஏறமாட்டோம். பங்காளி ஊட்டுத் தீட்டு. சாமி வாசல்ல கடை வெச்சிகினு அதுகூடவா தெரியாது உனக்கு?"

"தெரியும்ங்க" என்றாள். அவருடைய தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "அதனாலதான் சொன்னேன்."

நான் கையில் பஞ்சோடு நின்றேன். அம்மாவைக் கூப்பிட்டிருக்கலாம். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். அந்த வளர்ப்பு அந்த ஒரு நிமிஷத்தில் சித்தப்பாவுக்கு நன்றாக உதவியது. அவள் போய்விட்டாள். போன பிறகு வாசற்படியைப் பார்த்தேன். பூக்கூடை வந்து நின்ற இடத்தில் நீர் சொட்டியிருக்கும். பூ வாடாமலிருக்க அவர்கள் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். அந்தப் படி உலர்ந்திருந்தது. பார்த்தேனே ஒழிய, அப்போது ஒன்றும் புரிந்துகொள்ளவில்லை.

அந்த மலை ஏறா விரதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். துக்கம் நேர்ந்த குடும்பத்துப் பங்காளிகள் ஒரு வருஷம் மலைக் கோயிலுக்குப் போவதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பதினாறாம் நாள் பந்தியில், எல்லோரும் இலையில் உட்கார்ந்த பிறகு, சித்தப்பா எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை அறிவித்தார். அவர் பத்து வருஷமாக அந்த முந்நூற்றறுபத்தைந்து படிகளில் ஒன்றைக்கூட மிதித்ததில்லை. மூச்சு வாங்குகிறது என்று அடிவாரத்திலேயே கும்பிட்டுத் திரும்புவார். பத்து வருஷமாக ஏறாத மலையைப் பதினோராவது வருஷமும் ஏறாமலிருப்பதாகச் சபதம் செய்த பக்திக்கு, பந்தியில் இரண்டு பேர் கண் கலங்கினார்கள்.

மூன்று மணிக்கு என்னைச் சார்பதிவாளர் ஆபீஸுக்கு அழைத்துப் போனார். மனு இங்கிலீஷில் இருந்தால் சீக்கிரம் நடக்கும் என்று எவரோ சொல்லியிருந்தார்கள். எந்தப் படிப்பால் வம்சத்துக்கே தலைகுனிவு வந்ததோ அந்தப் படிப்பு இப்போது நாலு வரி எழுதித் தரவேண்டும். எழுதித் தந்தேன். பெரியப்பா இறந்ததற்கான சீட்டையும் இணைத்தேன். குமாஸ்தா உயில்கள் பதிவாகும் மூன்றாம் புத்தகத்தின் அட்டவணையை எடுத்து, பத்து வருஷத்துப் பக்கங்களைப் புரட்டினார். சித்தப்பா அவருடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் எங்கேயும் நிற்கவில்லை.

"அந்தப் பேர்ல பதிவு இல்லீங்க."

சித்தப்பா பெருமூச்சு விட்டார். கேட்டவர்கள் அதைத் துயரம் என்று நினைத்திருப்பார்கள்.

வெளியே புளியமரத்தடியில், பெரியப்பாவோடு இருபது வருஷம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து எழுதிய இன்னொரு பத்திர எழுத்தர் இருந்தார். சித்தப்பா அவரிடமும் கேட்டார். வெற்றியை உறுதிப்படுத்திக்கொள்ளும் கேள்வி அது.

"ஆபீசுல இருக்காதுங்க" என்றார் அவர். "அண்ணன் எப்பவும் சொல்வாரு. காயிதத்தப் பூட்டி வெக்கறவன் ஏமாளி. கிழிக்கறவன் காலு போவாத எடத்துல வெக்கணும்னு."

"நல்லா சொன்னாரு போ. அப்டி ஒரு எடம் இந்த ஊர்ல எங்க கீது?"

"ஆங், எனக்கு இன்னாங்க தெரியும்" என்று அவர் பேனா முள்ளைத் துணியில் துடைத்தார். துடைத்தபடி பார்த்தது என்னை.

திரும்பும் வழியில் சித்தப்பா காப்பி கிளப்புக்குள் நுழைந்தார். துக்க வீட்டுப் பெண் என்பதால் என்னை வெளியே நிற்கச் சொன்னார். தாமும் அதே துக்க வீடு என்பது நினைவுக்கு வருவதற்குள் ஒரு தட்டுக் கேசரி முடிந்திருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் தீர்ப்புச் சொல்லப்பட்டது. "அண்ணி, உயிலும் இல்ல கியிலும் இல்ல. எங்கண்ணனுக்கு அந்த எண்ணமே இல்லன்னுதான் தெரியுது. ஆடி பொறந்துட்டா குடி மாத்தக்கூடாது பாருங்க, அதனால ஆனியிலயே ஒரு எடம் பாத்துக்கிங்க. கண்டிகையில உங்க அண்ணன் ஊட்டுல, மாட்டுக் கொட்டாய் பக்கத்துல ஒரு ரூம்பு சும்மாதான கீது?"

சாஸ்திரத்தை விட்டுக்கொடுக்காமல் ஒரு பெண்ணை வீட்டைவிட்டு வெளியேற்றுவது எப்படி என்பதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஆடியில் போகச் சொல்வது பாவம்; ஆனியில் போகச் சொல்வது தர்மம்.

"சொந்தமாச்சேன்னு ஒரு மாசம் டைம் குடுக்கறேன். வேற எவன் குடுப்பான்?" என்று சொல்லி என் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா காலேஜி, வாயத் தொறக்க மாட்டியா?"

"நாளைக்குச் சொல்றேன், சித்தப்பா."

அத்தை புடைவைத் தலைப்பால் மூக்கைச் சிந்தினார். "ஊருக்கெல்லாம் எழுதுன கை, கூடப் பொறந்தவளுக்கு ஒரு வரி எழுதலியே" என்று அழுதார். அழுதபடியே மாடத்திலிருந்த வெள்ளிப் பஞ்சபாத்திரத்தை எடுத்து, ஞாபகத்துக்காக, தகரப்பெட்டியில் வைத்துக்கொண்டார். பித்தளைக் குத்துவிளக்கும் ஞாபகத்துக்காக உள்ளே போயிற்று. அரைமணியில் அந்தப் பெட்டியை ஒரு விரலால் தூக்க முடியாத அளவுக்கு அண்ணனின் ஞாபகம் கனத்துவிட்டது.

நான் கூடத்தைப் பெருக்கப் போனேன். பஞ்சு இன்னும் மூலைகளில் ஒட்டிக்கொண்டிருந்தது. துடைப்பம் வாசற்படியைத் தொட்டபோது, உலர்ந்த படி நினைவுக்கு வந்தது. சொட்டாத கூடை. அதில் பூ இல்லை. அவள் பூ விற்க வரவில்லை என்று சொன்னதும் உண்மை. கிழிக்கிறவன் கால் போகாத இடம். ஒரு வருஷம் மலை ஏறமாட்டோம் என்றதற்கு, அதனாலதான் சொன்னேன் என்றாள். இத்தனையும் என் கண்ணுக்கும் காதுக்கும் முன்னால் வரிசையாக நடந்திருந்தன. ஒரு செய்யுளில் எங்கே பொருள் முடிகிறது என்று கண்டுபிடிக்கப் பாடம் கேட்கிறவள், ஒரு பூக்காரி நேராகச் சொன்ன வார்த்தைக்குப் பொருள் காண ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். அன்று நான் இகழ்ந்தவர்களின் பட்டியலில் என்னையும் சேர்த்துக்கொள்ளாவிட்டால் இது நேர்மையான எழுத்தாகாது.

கொல்லையில் கிணற்றடியில் பாத்திரம் கவிழ்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"மலையிலயா?" என்றார் அம்மா. "நாம ஏறக்கூடாதேடி. ஒரு வருஷம்."

"கோயிலுக்குள்ள போகமாட்டேன். பூக்கடை வரைக்கும்தான்."

"பூக்கடைன்னா மலை இல்லியா? யாராவது பாத்தா இன்னா பேசுவாங்க?"

"ஆனி மாசத்துல நாம மூட்டையத் தூக்கிகினு போறப்ப பேசுவாங்களே, அதுல பாதிகூட இருக்காது."

அம்மா கடைசிப் பாத்திரத்தையும் கவிழ்த்தார். பதினாறு நாளாக அழுதவர் அப்போது அழவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்கு வேண்டிய நேரம் முழுவதும் கடந்தது. பிறகு, "செருப்புப் போட்டுகினு ஏறாதே. வெறுங்காலோட போ" என்றார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஐந்தரை மணிக்குத் தலைக்குக் குளித்துவிட்டுப் படியேறினேன். முருகனுக்குரிய கிழமையாதலால் அந்த நேரத்திலேயே கூட்டம் இருந்தது. தெரிந்த முகங்கள் மூன்று என்னைப் பார்த்தன. மூன்றும் உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டன. பத்து மணிக்குள் தெருமுழுவதும் செய்தி போய்விடும் என்று கணித்தேன். ஒன்பதுக்கே போய்விட்டதாகப் பிறகு தெரிந்தது.

பூக்காரி மரிக்கொழுந்தைச் சரம் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நாரைப் பல்லில் கடித்தபடியே, கற்பூரப் பெட்டிகளுக்கு அடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தாள். மெழுகுத்துணியில் சுற்றிய காகிதம் அதில் இருந்தது.

"தை மாசம் குடுத்தாரு பாப்பா. பதினாறு கழிச்சி மறுநாள் எடுத்துகினு போயி, பெரியம்மா கையில, இல்லாட்டி உன் கையில குடுன்னாரு. வேற யாரு கேட்டாலும் பூக்கூடைன்னு சொல்லுன்னாரு" என்றாள். "உங்க சித்தப்பன் நான் சொல்றதுக்கு முன்னாலயே பூக்கூடைன்னுட்டாரு."

"நேத்தே நான் புரிஞ்சிகினு இருக்கணும்" என்றேன்.

"இன்னிக்கி வந்துட்ட இல்ல. எங்க ஊட்டுப் பத்திரத்த எழுதுனவரு அவரு. ஒரு மூல விட்டுப் போச்சின்னு மறுபடியும் முழுசா எழுதுனாரு. அவரு காயிதத்த நான் தொலைப்பனா?"

சந்நிதிப் பக்கம் திரும்பாமல், கடைக்கு வெளியே நின்று படித்தேன். மூன்று பக்கங்கள். மூன்று பக்கமும் ஒரே வாக்கியம். வடக்கே தெரு, தெற்கே கிணறு என்று நான்கு எல்லைகளையும் சுற்றி வந்து, இடையில் எவ்வளவோ "மேற்படி"களைக் கடந்து, எழுவாயைக் கைவிடாமல் கொண்டுவந்து கடைசியில் அது நின்றது. வீடு அம்மாவுக்கு, அம்மாவுக்குப் பின் எனக்கு. உயிலை நிறைவேற்றவேண்டியவளாக என் பெயரையே எழுதியிருந்தார். தம்பிக்கும் தங்கைக்கும் தம் ஆசீர்வாதம் என்று இருந்தது. அதற்கு எல்லைகள் குறிப்பிடப்படவில்லை. சாட்சிகள் இருவர். ஒன்று பூக்காரியின் இடதுகைப் பெருவிரல் ரேகை. மற்றொன்று புளியமரத்தடிப் பத்திர எழுத்தரின் கையெழுத்து.

வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. அந்த வீட்டில் ஒருவர் மடியில் தீப்பெட்டி இருந்தது. காகிதத்தை மெழுகுத்துணியோடு இடுப்பில் செருகி, தாவணியால் மூடிக்கொண்டு, படியிறங்கி நேரே சார்பதிவாளர் ஆபீஸுக்கு நடந்தேன். இன்னும் திறக்கவில்லை. புளியமரத்தடியில் பெரியப்பாவின் சாய்வு மேஜை கவிழ்த்து வைத்திருந்தது. அதை நிமிர்த்தி, இலைகளைத் தட்டி, உயிலைப் பதிவு செய்யக் கோரும் மனுவை எழுதினேன். இம்முறை தமிழில். எழுதி முடித்தபோது பத்திர எழுத்தர் வந்தார். எதுவும் கேட்காமல் மனுவை வாங்கிப் படித்து, ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றாமல் திருப்பிக் கொடுத்தார். பதினொரு மணிக்குக் குமாஸ்தா கதவைத் திறந்தார். வரிசையில் முதலாவதாக நான் நின்றேன்.